சாம்பல் நாக்கில் பத்தொன்பது நாள்

போர்-ஓ-ஃப்ரான்ஸே, கெர்கெலன் தீவு
12 ஜனவரி 1976

அன்புள்ள மரிவோன் அக்காவுக்கு,

உன் தம்பி ஃபான்ச் ஒருவழியாகக் கரை சேர்ந்தான். உடம்பைப் பற்றிக் கேட்டால், கப்பலில் பதினோரு நாளும் உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் அதிகம். கால்சட்டை ஒரு பிடி தளர்ந்திருக்கிறது. மற்றபடி குறையில்லை. உன் ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? அத்தானின் முதுகைப் பற்றிக் கேட்கமாட்டேன். கேட்டால் அவர் பனியாற்றிலிருந்து ஆரம்பிப்பார்.

அக்கா, நான் ஏன் நாற்பத்தேழு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, மரமே இல்லாத தீவுக்குச் சமைக்க வந்தேன்? நீ ஊரில் எல்லோரிடமும் சொல்வது போல விவாகரத்து துக்கத்தால் அல்ல. அத்தானின் கதையிலிருந்து தப்பிக்கத்தான். பதினேழு வருஷமாக எந்த ஞானஸ்நானம், எந்தக் கல்யாணம், எந்தச் சாவுச் சாப்பாடு என்றாலும் அவர் சாம்பல் நாக்குப் பனியாற்றில் தன்னந்தனியாகப் பத்தொன்பது நாள் இருந்த கதை. தாடி உறைந்து கண்ணாடி மாதிரி உடைந்த கதை. கூட வரவேண்டிய கல்லோ என்கிற ஆள் பல்வலி என்று பயந்து நின்ற கதை. கதை நடந்த தீவாகவே இருந்தாலும் கதை சொல்பவர் ஊரில்தானே, உலக உருண்டையின் அந்தப் பக்கம் போனால் காது கொஞ்சம் ஓய்வெடுக்கும் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்குள் காலை வைத்தேன். எதிர்ச் சுவரில், சூப் அண்டாவுக்கு நேர் மேலே, கையில் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு அத்தான்! படத்தில்!

"மத்யூரன் லெ ஃப்லோக்கோட மச்சானா நீ? முன்னாடியே சொல்றதில்லையாய்யா!" என்று இந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என் சமையலுக்காக இதுவரை யாரும் என்னைக் கட்டிப் பிடித்ததில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் பனியாற்றின் நுனிவரை போய், அங்கே இருக்கும் பாறையில் சிவப்புக் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். பனி எவ்வளவு பின்வாங்கியது என்று அதிலிருந்து தெரியும். எல்லா வருஷமும் பின்வாங்கிய பனியாறு 1959-இல் மட்டும் நானூறு மீட்டர் முன்னால் பாய்ந்ததாம். அத்தான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு அது. வியால் என்று ஒரு தாடிக்கார ஆராய்ச்சியாளர் அந்தப் பாய்ச்சலை வைத்தே நாலு வருஷமாக ஒரு பெரிய புத்தகம் எழுதுகிறார். அந்த ஒரு கோட்டை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். பனி விழுங்கியிருக்கும் என்கிறார்.

இங்கே தபால் விதி ஒன்று உண்டு, சிரிக்காதே. கப்பல் வந்தால், போகிற பையைக் கட்டி முத்திரை வைத்து அனுப்பிய பிறகுதான் வந்த பையைத் திறப்பார்கள். ஒரு காலத்தில் பெண்டாட்டி கடிதத்தைப் படித்துவிட்டு எல்லோரும் எழுதியதைக் கிழித்து மறுபடி எழுத உட்கார்ந்து, மூன்று நாள் கப்பலைக் காற்றில் நிறுத்திவைத்தார்களாம். இப்போது போகிற கப்பலுக்கு அடுத்தது மார்ச்சில். அதை விட்டால் ஆகஸ்டு. தந்தி உண்டு, ஆளுக்கு மாதம் இருபது வார்த்தை. ஆனால் பிஹான் என்கிற தந்தியாள் உதட்டை அசைத்துத்தான் படிப்பான். தந்தி கொடுப்பதும் மாதா கோயில் மணி அடிப்பதும் ஒன்று.

கடல்யானை ஒன்று சமையலறைக் கதவுக்கு வெளியே படுத்துக் குறட்டை விடுகிறது. விவாகரத்தானதே தெரியவில்லை.

மாத்திரையை மறக்காதே.
உன் தம்பி,
ஃபான்ச்


போர்-கரெக், பிரெத்தான்
20 பிப்ரவரி 1976

அன்புத் தம்பி ஃபான்ச்,

உன் கடிதம் கிடைத்தது. உன் முழங்காலுக்குக் கம்பளி உறை பின்னி இத்துடன் வைத்திருக்கிறேன், வெட்கப்படாமல் போட்டுக்கொள். எனக்குக் கொதிப்பு இறங்கியிருக்கிறது. அத்தானுக்கு முதுகு இப்போது நேராக நிற்கிறது. காரணம் கேள்.

பாரிசிலிருந்து ஒரு கமிட்டி எழுதியிருக்கிறது. பனியாற்றின் நுனியில் உள்ள பாறை முனைக்கு 'லெ ஃப்லோக் முனை' என்று பெயர் வைக்கிறார்களாம். நம் மேயருக்குத் தலைகால் புரியவில்லை. மே 29 சனிக்கிழமை நகர மன்றத்தில் விழா, பித்தளைப் பலகை, பேண்டு வாத்தியம். தபாலாபீஸ் மதாம் கெர்வெல்லா அதற்கென்றே தொப்பி வாங்கிவிட்டாள். உன் அத்தான் மாடியில் கண்ணாடி முன்னால் பேசிப் பழகுகிறார். நானூறு தடவை சொன்ன கதைக்கு என்ன பழக்கம் என்று கேட்டால் முறைக்கிறார்.

நீ கேலி செய்வாய் என்று தெரியும். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல வாய் வராது. தூரத்தில் இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

என் குழந்தை எனோரா போன அந்த ஜூலையில் அவளை நானும் நீயும்தான் கொண்டுபோய் வைத்தோம். அந்தப் பெட்டி உன் ஒரு கைக்குள் அடங்கியது. நீதான் அவருக்குத் தந்தி கொடுத்தாய், ஒன்பதாம் தேதி. இருபது நாள் பதில் இல்லை. இருபது நாளும் நான் அவரைச் சபித்தேன், ஃபான்ச். வாய்விட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே. பிறகு வந்தது: 'பனியாற்றிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். இப்போதுதான் செய்தி கிடைத்தது.' அந்த மனிதர் எங்கோ பனியில் ஒன்றும் தெரியாமல் கோடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நான் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்தப் பனியாறு இல்லாவிட்டால் நான் அவரோடு வாழ்ந்திருக்கமாட்டேன். தெரிந்தும் இருபது நாள் ஒரு வார்த்தை அனுப்பாத ஆளோடு எப்படி வாழ்வது? அதனால்தான் அவர் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். நீ நினைப்பது போல மரியாதையால் அல்ல. எனக்கு அது மறுபடி மறுபடி வேண்டியிருக்கிறது.

சரி, போதும். உப்பு வெண்ணெய் அனுப்பினால் உருகாமல் வருமா? சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா,
மரிவோன்


போர்-ஓ-ஃப்ரான்ஸே
14 மார்ச் 1976

அக்கா! அக்கா! அக்கா!

உட்கார்ந்துகொண்டு படி. மாத்திரை போட்டுவிட்டுப் படி. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, அவசரமாக எழுதுகிறேன். நான் சுகம். சுகம் என்ன, இருபது வயது குறைந்திருக்கிறது.

முந்தாநாள் குழம்புக்கு முயல் பிடிக்கப் போனேன். இங்கிருந்து ஒன்றரை மணி நேர நடையில் கறுப்புப் பாறைக் குடிசை என்று ஒரு மரக் குடிசை. பனியாற்றுக்குப் போகிறவர்கள் முதல் சாயா குடிக்க நிற்கும் இடம். பனியாறு அங்கிருந்து இன்னும் இரண்டு நாள் நடை. குடிசைக்குப் பின்னால் ஆள் உயரப் பாறை. காற்றுக்கு ஒதுங்கி அதன் பின்பக்கம் போனேன்.

சிவப்புக் கோடு. அதன் கீழே அழகாக, பள்ளிக்கூடப் பிள்ளை கையெழுத்தில்: 28 ஜூலை 1959. மத்யூரன்.

என் கையில் தொங்கிய முயல், அது செத்து ஒரு மணி நேரம் ஆகிறது, அதுகூட வாயைப் பிளந்த மாதிரி இருந்தது. அக்கா, இந்த மனிதர் பனியாற்றுக்குப் போகவே இல்லை! மெத்தை போட்ட கட்டிலும் அடுப்பும் உள்ள குடிசையில் பத்தொன்பது நாள் காலை நீட்டிப் படுத்துவிட்டு, கிளம்புகிற அன்றைக்குப் பக்கத்துப் பாறையில் கோட்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்! தாடி எங்கே உடைந்தது? அடுப்புப் பக்கத்தில் உருகியிருக்கும்! நானூறு மீட்டர் பாய்ந்தது பனி இல்லை, அத்தானின் பென்சில்!

யோசித்துப் பார்த்தால், அவர் ஒருதரம்கூட 'நுனியில் கோடு போட்டேன்' என்று சொன்னதில்லை. 'கோடு போட்டேன்' என்றுதான் சொல்வார். என்ன சாமர்த்தியம்!

வியாலிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. தவிர, என் கோழிக் கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிற ஒரே ஆள் அவர். ஆனால் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? பதினேழு வருஷம் என் காதுகளுக்கு நஷ்டஈடு இது. அடுத்த தரம் சாப்பாட்டு மேசையில் அவர் தாடியை உடைக்கும்போது, மெதுவாக, வெண்ணெயைத் தடவிக்கொண்டே கேள்: "கறுப்புப் பாறைக் குடிசையில அடுப்பு நல்லா எரிஞ்சுதா?" அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்குப் பத்துப் பக்கம் எழுது.

பையை மூடப் போகிறார்கள். ஓடுகிறேன்.

உன் மிக மிகச் சந்தோஷமான தம்பி,
ஃபான்ச்


போர்-ஓ-ஃப்ரான்ஸே
15 மார்ச் 1976

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

போகும் பைக்கு முத்திரை வைத்து, ஹெலிகாப்டர் அதைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போன பிறகு, வந்த பையைத் திறந்தார்கள். உன் பிப்ரவரிக் கடிதம் இருந்தது. கம்பளி உறையை முழங்காலில் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே படிக்க உட்கார்ந்தேன்.

'அந்தப் பனியாறு இல்லாவிட்டால்' என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்து ஓடினேன். தபால் பொறுப்பாளர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பையைத் திருப்பிக் கொண்டாங்க! என் கடுதாசி ஒண்ணு தப்பாப் போயிடுச்சு!"

"முத்திரை வெச்சாச்சு ஃபான்ச். என்ன, விலாசம் தப்பா?"

"விலாசம் சரிதான்யா! உள்ள இருக்கறதுதான் தப்பு!"

"அதுக்குத்தான் இந்த விதியே வெச்சோம்" என்றார்.

கரைக்கு ஓடினேன். கப்பல் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. பெங்குவின் கூட்டத்துக்கு நடுவில் ஒற்றைக் கால் உறையோடு நின்று கத்தினேன். ஒன்றுகூட வழிவிடவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதியை நான் எப்படி மறந்தேன்? அந்தப் பெட்டியைத் தூக்கியது என் கை. தந்தியை எழுதியதும் அதே கை. பதினேழு வருஷமாக அவர் கதையைக் கேட்டுக் கொட்டாவி விட்டேனே தவிர, எந்தப் பத்தொன்பது நாள் அது என்று ஒருதரம் கணக்குப் பார்த்ததில்லை.

இந்தக் கடிதம் ஆகஸ்டில்தான் போகும். ஆகவே பிஹானிடம் போய்த் தந்தி கொடுத்தேன். நான்கு வார்த்தை. அவன் உதடு அசைந்தது, பிறகு என்னைப் பார்த்தான். "இதைவிட நல்லாத் திறந்து படின்னு சொல்ல முடியாது, அண்ணே" என்றான்.

ஃபான்ச்


தந்தி
15 மார்ச் 1976

வரும் கடிதத்தைத் திறக்காதே எரித்துவிடு
ஃபான்ச்


போர்-கரெக்
11 ஏப்ரல் 1976

ஃபான்ச்,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு என்ன ஆனது என்று இனிமேல்தான் தெரியவேண்டும்.

திறக்காதே என்று தந்தி கொடுத்தாய். மூன்று வாரம் தபால்காரனை வாசலிலேயே நின்று வரவேற்றேன். திறந்தேன்.

முதலில் சிரித்தேன், உண்மையாகவே. முயலுக்கும் தாடிக்கும். பிறகு 28 ஜூலை என்பதில் கண் நின்றது. ஒன்றரை மணி நேரம் என்பதில் நின்றது. மேலே படிக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் கேட்டேன். வெண்ணெய் தடவவில்லை, உன் பேச்சைக் கேட்கவில்லை.

"கறுப்புப் பாறைக் குடிசைல இருந்தீங்களா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முகம் எப்படிப் போனது என்று பத்துப் பக்கம் கேட்டாய். ஒன்றும் போகவில்லை. எப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்த முகமாக இருந்தது.

"ஆமா."

"எனோரா போன தந்தி எப்போ வந்துச்சு?"

"ஒன்பதாம் தேதி."

"படிச்சிட்டுக் கிளம்பினீங்களா, படிக்காமயா?"

"படிச்சிட்டு."

"படிச்சிட்டு இருபது நாளு..."

ஒரு சாக்கு, ஒரு பொய், ஏதாவது ஒன்று சொல்லுங்களேன் என்று மேசையைத் தட்டினேன். நானூறு தடவை பேசின வாய், ஃபான்ச்! தட்டில் இருந்த மீனையே பார்த்தார். "வலைக் கொட்டகைக்குப் போங்க. இனிமே இந்த வீட்ல படுக்க வேணாம்" என்றேன். தலையணையைத் தானே எடுத்துக்கொண்டு போனார். அது வேறு எனக்கு ஆத்திரம்.

மேயரிடம் விழாவை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. நடக்கட்டும். மே 29 அன்று அவர் கதையை முடித்துக் கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்து, அத்தனை பேர் முன்னாலும், தந்தி எப்போது வந்தது என்று இன்னொரு தரம் கேட்பேன். கேட்டுவிட்டு என் தங்கை முறைக்காரி வீட்டுக்கு, ரென் நகரத்துக்குப் போய்விடுவேன். பெட்டி கட்டியாகிவிட்டது.

இந்தக் கடிதம் ஆகஸ்டில்தான் உன் கையில் இருக்கும். அதனால் தந்தியும் தருகிறேன்: 'திறந்தேன். படித்த பிறகே கிளம்பினாராம். வலைக் கொட்டகையில் இருக்கிறார். விழாவில் எல்லோர் முன்னும் கேட்பேன். பிறகு ரென் போகிறேன்.' பிஹான் உதடு அசையட்டும்.

உன் மேல் கோபமில்லை. பொய்யில் வாழ்ந்ததைவிட இது மேல் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை.

மரிவோன்


போர்-ஓ-ஃப்ரான்ஸே
4 மே 1976

அக்கா,

நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, ஒன்றும் தெரியவில்லை. உன் தந்தி வந்த நாளிலிருந்து என் சூப்பில் உப்பில்லை என்று எழுபது பேரும் முனகுகிறார்கள்.

மூன்று வாரம் புயல். நேற்றுத்தான் வெளியே விட்டார்கள், அதுவும் துணையோடு. வியால் வந்தார். வழியெல்லாம் 1959 பாய்ச்சலைப் பற்றியே பேசினார். நான் முயலுக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது: அந்தப் பத்தொன்பது நாள் அங்கே என்ன செய்தார்? ஒவ்வொரு குடிசையிலும் ஒரு குறிப்பேடு உண்டு. தங்குகிறவர் தினமும் எழுத வேண்டும். தேதி, காற்று, ஆட்கள் எத்தனை, சாப்பாடு என்ன. கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டப்பாவில் பழைய குறிப்பேடுகள் கிடந்தன. மார்ச்சில் நான் உள்ளே போய்ப் பார்த்திருந்தால்! முயலைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே நிலையத்துக்கு ஓடினேன்.

1959 கிடைத்தது. அப்படியே எழுதுகிறேன்.

'10 ஜூலை. காற்று மேற்கு, பலம். ஆட்கள்: 2. சூப். ஒரு குவளை சர்க்கரைப் பால்.
11 ஜூலை. காற்று மேற்கு. ஆட்கள்: 2. ஒரு குவளை சர்க்கரைப் பால்.
12 ஜூலை. பனிமழை. ஆட்கள்: 2. ஒரு குவளை சர்க்கரைப் பால்.'

பக்கம் பக்கமாக இப்படியே. சூப் முதல் நாளோடு நின்றுவிட்டது. ரொட்டி எழுதவில்லை, கறி எழுதவில்லை. பால் மட்டும் தினமும்.

நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? கூட யாரோ இருந்திருக்கிறார்கள் என்று. வெட்கமில்லாத புத்தி, அந்தக் கோணத்தில்கூடப் போனது. இந்தத் தீவில் பெண்கள் கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. கல்லோதான் துணை என்றால் அவன் பல்வலியோடு நிலையத்தில் இருந்தான். அது நிலையப் பதிவிலேயே இருக்கிறது. அந்தக் குடிசையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

குவளை இன்னும் அலமாரியில் இருக்கிறது, அக்கா. குழந்தைக்கு வைக்கிற அளவு சின்னது.

கடைசி வரி: '28 ஜூலை. காற்று இல்லை. ஆட்கள்: 1. கோடு போட்டேன். திரும்புகிறேன்.'

வியால் என் தோளுக்கு மேலாகப் படித்திருக்கிறார். "யாரு இன்னொருத்தர்?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்பதாம் தேதி தந்தியைச் சொன்னேன், பாறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கோட்டையும் காட்டினேன். அந்த ஆள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ பனி முன்னால வரவே இல்ல."

"இல்ல."

"நாலு வருஷம் ஃபான்ச்... நாலு வருஷமா நான் ஆராய்ச்சி பண்ணினது, ஒரு மனுஷன் எழுந்து நடக்க முடியாம உக்காந்திருந்ததையா?"

திரும்பும்போது பனியாறு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

நானும் இதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன்: கப்பல் ஆகஸ்டில். உன் விழா இந்த மாதம் 29.

ஃபான்ச்


போர்-ஓ-ஃப்ரான்ஸே
24 மே 1976

அக்கா,

இது உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் நடந்ததை எழுதிவைக்கிறேன். நலம் கேட்கும் தைரியம் ஆகஸ்டுக்குள் வந்துவிடும்.

இருபது நாள் ஒத்திப்போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். தந்தி என்றால் நிலையம் முழுக்கத் தெரியும். சுவரில் தொங்குகிற மனிதரின் மானத்தை நானே கழற்றிக் கீழே வைக்க வேண்டும். அவர் பதினேழு வருஷம் கட்டிக்காத்த ஒன்றை உளறுவாயன் நான் எப்படித் திறப்பது? இதே நான் மார்ச்சில் எவ்வளவு சுலபமாகத் திறந்தேன் பார்.

இன்று காலை போனேன். பிஹான் எண்ணிப் பார்த்தான். "உன் கணக்குல இந்த மாசம் இருபது வார்த்தைதான் அண்ணே. இதுல நாப்பதுக்கு மேல இருக்கு."

"குறைச்சுத் தா."

உதட்டை அசைத்துப் படித்தான். பாதியில் உதடு நின்றுவிட்டது. மீதியை அவன் எப்படிப் படித்தான் என்று எனக்குத் தெரியாது.

"இதுல எதையும் குறைக்க முடியாது" என்றான். "என் இருபதையும் எடுத்துக்க."

"உன் பெண்டாட்டிக்கு?"

"அவளுக்கு ஜூன்ல சொல்லிக்கறேன்."

அவன் யாரிடம் சொன்னானோ, மத்தியானம் நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோது வியால் தட்டை நீட்டாமல் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். 'என்னுடையது இருபது.' அவருக்குப் பின்னால் நிலையத் தலைவர், தபால் பொறுப்பாளர், எந்திரக்காரன். என்னோடு சேர்த்து மூன்று பேர் கணக்கே போதும் அக்கா. காகிதம் அண்டா மூடி நிறையக் குவிந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, "சூப் ஆறுது, சாப்பிடுங்கடா" என்று அதட்டினேன்.

படத்தை யாரும் கழற்றவில்லை.

ஃபான்ச்


தந்தி
24 மே 1976

அக்கா குடிசைக் குறிப்பேட்டில் அத்தான் கையெழுத்து. ஜூலை பத்து ஆட்கள் இரண்டு ஒரு குவளை சர்க்கரைப் பால். பதினொன்று ஆட்கள் இரண்டு ஒரு குவளை சர்க்கரைப் பால். இருபத்தேழு வரை தினமும் ஆட்கள் இரண்டு தினமும் பால். இருபத்தெட்டு ஆட்கள் ஒன்று கோடு போட்டேன் திரும்புகிறேன். அக்கா அங்கே அவர் தனியாக இருந்தார். குவளை சின்னது. கொட்டகைக்குப் போ.
ஃபான்ச்


போர்-கரெக்
11 ஜூன் 1976

என் அருமைத் தம்பிக்கு,

முழங்கால் உறை தேய்ந்திருந்தால் சொல், இன்னொன்று பின்னுகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம். இருவரும் என்று எழுதுகிறேன் பார்.

உன் தந்தியை மதாம் கெர்வெல்லா சைக்கிளில் கொண்டுவந்தாள். வழக்கமாகத் தெருமுனையிலிருந்தே கத்திப் படித்துக்கொண்டு வருவாள் அல்லவா? அன்று நாலாக மடித்து என் கையில் வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டாள். அதைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

படித்தேன். முதல் தரம் புரியவில்லை. இரண்டாம் தரம் 'பால்' என்ற இடத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கப்பலேறியபோது எனோராவுக்கு ஆறு மாதம். சர்க்கரைப் பால் என்றால் குவளையோடு கடிப்பாள். அதை அவருக்கு எழுதியது நான்தான், ஒரு கடிதத்தில், ஏப்ரலிலோ எப்போதோ.

கொட்டகைக்குப் போனேன். கிழிந்த வலைக்குக் கண் போட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, "ஃபான்சுக்கு எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கணும்" என்றார்.

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல."

"எதையாவது! ஏப்ரல்ல கேட்டேனே, மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டேனே!"

ஊசியை வலையில் குத்திவைத்தார். பிறகு சொன்னார். நான் அப்படியே எழுதுகிறேன், என்னால் இதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

"தந்திய சாப்பாட்டுக் கூடத்துல குடுத்தாங்க. அறுபது பேர் சூப்பத் தொடாம என் மூஞ்சியப் பாக்கறான். அங்க இருக்க முடியல. மறுநாள் பெயின்ட் டப்பாவ எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். கல்லோ என் கூட வரவேண்டியவன், அவனுக்குப் பல்வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. 'நீ தனியாப் போகணும்னா போ, நான் பல்வலின்னு சொல்லிக்கறேன்'னான். பனியாறு வரைக்கும் போகத்தான் கிளம்பினேன் மரிவோன். குடிசைல உக்காந்தேன். பாத்தா, அவளும் கூட வந்திருக்கா. அந்தக் காத்துல அவளை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது?"

நான் கவிழ்த்திருந்த கூடையில் உட்கார்ந்தேன்.

"அவளா போற வரைக்கும் இருந்தேன். திரும்பி வந்தா உனக்கு எழுத இருபது வார்த்தை. இதை எப்படி இருபதுல எழுத? பொய்க்கு ஆறு போதும்."

பதினேழு வருஷம் கல்லோவைக் கோழை என்று சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தார், அதையும் சொல்லிவிட்டு அழுதார். நான் பார்த்ததே இல்லை, அவர் அழுது. கல்யாணமாகி இருபது வருஷம். அதிர்ந்துபோய் அவர் முதுகில் கை வைக்கக்கூட மறந்துவிட்டேன். பிறகு வைத்தேன்.

விழா நடந்தது. நான் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. மேயர் பேசி, பேண்டு வாசித்து, இவர் மேடையேறி, "நான் சாம்பல் நாக்குக்குப் போனதில்லை" என்றார். என்ன ஆனது என்று நினைக்கிறாய்? கைதட்டினார்கள்! அடக்கமாம்! "நான் போகவே இல்லைங்க" என்று இன்னும் உரக்கச் சொன்னார். எழுந்து நின்று தட்டினார்கள். மதாம் கெர்வெல்லாவின் தொப்பி விழுந்தது. மூன்றாம் தரம் மேயரின் கையைப் பிடித்து நிறுத்தி, குடிசையையும் பாறையையும் சொன்னார். எனோராவைச் சொல்லவில்லை, அது எங்கள் வீட்டு விஷயம். அப்போதுதான் மன்றம் ஊமையானது. பலகையைக் கழற்றி அவரே மேயரிடம் கொடுத்தார். வெளியே வரும்போது யாரும் எங்களைப் பார்க்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். தெருவில் கைபிடித்து நடக்கும் வயதா என்று பேசுவார்கள், பேசட்டும்.

வியாலுக்கு எங்கள் வருத்தத்தைச் சொல். அவர் பெண்டாட்டிக்கு நான் எழுதியிருக்கிறேன். பிஹானின் பெண்டாட்டிக்கும்: ஆளுக்கு இருபது வார்த்தை என்றாயே, உன் தந்தியில் நாற்பதுக்கு மேல் இருந்தது, அவன் தன்னுடையதைத் தந்திருப்பான்.

ஜூலை ஒன்பதுக்குக் கல்லறைக்கு இரண்டு பேராகப் போகிறோம். பெட்டியைப் பிரித்து உடுப்புகளை அலமாரியில் வைத்துவிட்டேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு, மற்றவர்களுக்கும் உப்புப் போட்டுப் போடு.

கீழே உன் அத்தான் ஏதோ எழுத வேண்டுமாம். பேனாவை வாங்கிக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா,
மரிவோன்

ஃபான்ச்,

உடம்பைப் பார்த்துக்கொள். வியால் பனியாற்றுக்குப் போகும்போது உன்னையும் கூட்டிப்போகச் சொல். மெதுவாக நட, முழங்கால் பத்திரம். போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அது எப்படி இருக்கும்? நிஜமாகவே சாம்பல் நிறமா? நான் பார்த்ததில்லை.

மத்யூரன்